மாதந்தோறும் வரும் மாதிரிப் பெட்டி

தில்லியில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஊரிலிருந்து பெட்டி வருவது புதிதன்று. விடுமுறை கழித்துத் திரும்பும் உறவினர் ஒருவர் இரயிலிலிருந்து இறக்கிக் கொண்டுவரும் அட்டைப் பெட்டியில் வடாமும் மாவடுவும் இருக்கும். அவற்றின் அடியில், பழைய புடவைத் துணியில் முடிந்த நலங்கு மாவும், மில்லில் அரைத்த சீயக்காய்த் தூளும் இருக்கும். அந்தத் தூளில் என்னென்ன சேர்ந்திருக்கின்றன என்று நாம் எவரையும் கேட்டதில்லை. வெயிலில் காய வைத்தவர் இன்னார், அரைத்துக் கொடுத்தவர் இன்னார் என்பது தெரியும். அதுவே போதுமானதாக இருந்தது.

இவ்வாண்டு முதல் வேறொரு பெட்டியும் நம் இல்லத்திற்கு வரத் தொடங்கியது. கல்லூரியில் பயிலும் நம் மகளுக்கு, பெங்களூரில் இருக்கும் அவளுடைய சித்தி பிறந்தநாள் பரிசாக ஆறு மாதச் சந்தா கட்டியிருந்தாள். மாதத்தின் முதல் வாரத்தில் கூரியர்க்காரர் ஓர் இளஞ்சிவப்புப் பெட்டியைக் கொடுத்துச் செல்வார். மெல்லிய காகிதச் சுருள்களின் நடுவே ஐந்து சிறு பொருள்கள் கிடக்கும்: கட்டைவிரல் அளவு குழாயில் முகக் களிம்பு, சுண்டுவிரல் அளவு உதட்டுச் சாயம், ஒருவேளைக்கான ஷாம்பு உறை, வெயில் காப்புக் களிம்பு, கண்ணாடிக் குப்பியில் இரண்டு மில்லி சீரம். அவற்றோடு, ஒவ்வொன்றின் பெருமையையும் பேசும் வழவழப்பான அட்டை ஒன்றும் இருக்கும். இவற்றைப் பூசிப் பார்த்த அனுபவத்தையும், அதனால் நாம் அறிய நேர்ந்த சிலவற்றையும் நேயர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மாதிரி கொடுத்து வாடிக்கையாளரைப் பிடிப்பது பழைய தந்திரம். அமெரிக்காவில் டேவிட் மெக்கானல் என்பவர் வீடுவீடாகச் சென்று புத்தகம் விற்றுவந்தார். கதவைத் திறக்கும் பெண்மணிகளுக்குச் சிறு குப்பியில் வாசனைத் தைலம் அளிப்பது அவர் வழக்கம். புத்தகத்தைவிடத் தைலத்திற்கே வரவேற்பு மிகுதி என்பதைக் கண்டவர், 1886-ஆம் ஆண்டில் வாசனைப் பொருள் வாணிகத்தையே தொடங்கிவிட்டார். பின்னாளில் ஏவான் என்று பெயர் பெற்ற நிறுவனம் அதுதான். அன்று மாதிரி இலவசம். மாதிரிக்கே மாதக் கட்டணம் வாங்கலாம் என்ற எண்ணத்தை உலகெங்கும் பரப்பியது 2010-ஆம் ஆண்டில் நியூயார்க்கில் தொடங்கிய பிர்ச்பாக்ஸ் என்னும் நிறுவனம். ஹார்வர்டு வணிகப் பள்ளியில் உடன்பயின்ற கட்டியா பூஷாம், ஹேலி பார்னா என்னும் இரு பெண்கள் அதைத் தொடங்கினார்கள். தொடக்கத்தில் மாதம் பத்து டாலர் கட்டினால் சில மாதிரிகள் வீடு தேடி வந்தன. இரண்டே ஆண்டுகளில் அம்முறை நம் நாட்டிற்கும் வந்து சேர்ந்தது. வினீதா சிங், கௌசிக் முகர்ஜி ஆகியோர் நடத்திய ஃபேப் பேக் என்னும் பெட்டியின் அனுபவத்திலிருந்தே அவர்களது ஷுகர் என்னும் ஒப்பனைப் பொருள் வரிசை பிறந்தது. பெட்டியை வாங்குவோர் பொருளைச் சோதிக்கிறார்கள். பெட்டியை விற்போர் வாங்குவோரின் விருப்பத்தைச் சோதிக்கிறார்கள். இரண்டாவது சோதனைக்கும் நாம்தான் காசு கொடுக்கிறோம் என்பது சிறிது வேடிக்கையே.

சிறு உறை என்றதும் கடலூர் நினைவு வராத தமிழர் இல்லை. பெரிய புட்டி வாங்க வசதியற்றவரும் ஷாம்பு தேய்த்துக் குளிக்க வேண்டும் என்று எண்ணி உறையில் அடைத்து விற்ற சின்னி கிருஷ்ணன் அவ்வூர்க்காரர். அவருடைய மகன் சி.கே. ரங்கநாதன் 1983-ஆம் ஆண்டில் தொடங்கிய தொழிலிலிருந்து வந்ததே சிக் ஷாம்பு. ஆயினும் அந்த உறைக்கும் இந்தப் பெட்டிக்கும் உறவு தோற்றத்தோடு சரி. ஒருநாள் தேவையை ஒருநாள் விலைக்கு முடித்துக் கொடுப்பது அந்த உறை. பெட்டியிலுள்ள உறையோ தன்னில் எதையும் முடிப்பதில்லை. பெரிய புட்டிக்கு வழிகாட்டிவிட்டு நின்றுவிடும்.

முதல் பெட்டி சனவரியில் வந்தது. தில்லியின் சனவரியை இங்கு வாழ்வோர் அறிவர். தேங்காய் எண்ணெய் புட்டிக்குள் வெண்ணெய்க் கட்டியாய் உறைந்து கிடக்கும். முழங்கை சாம்பல் பூத்துவிடும். ஊரில் இருந்தவரை முகத்திற்குக் களிம்பு என்ற ஒன்று நமக்குத் தேவைப்பட்டதில்லை. பெட்டியில் வந்த களிம்பு கெட்டியாக, நெய்போல் இருந்தது. தஞ்சைப் பகுதியின் புழுக்கத்தில் அதைப் பூசினால் அரை மணியில் வழிந்துவிடும். இங்கோ கன்னத்தில் பட்டதும் தோல் அதைக் குடித்துவிட்டது. ஒரே பொருளை ஊரிலிருக்கும் தங்கை இகழ்வதும், இங்கிருக்கும் அக்காள் புகழ்வதும் இதனால்தான். வெளி மாநிலங்களில் வாழும் நம்மவர் பிறர் பரிந்துரையை அப்படியே ஏற்க இயலாது. வாங்குமுன் சிறிதளவு பூசிப் பார்ப்பதில் பயன் உண்டு என்பதை அந்தக் களிம்பு மெய்ப்பித்தது.

உதட்டுச் சாயமும் அப்படியே. அட்டையில் செங்கல் நிறமாகத் தெரிந்தது, மகளின் உதட்டில் வேறு நிறம் காட்டியது. நம் மாமியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்து, “வெற்றிலை போட்டு வாய் துடைக்காதவள்போல் இருக்கிறாயே, அம்மா!” என்றார். நானூறு ரூபாய் மிச்சம். மணம், நிறம், பிசுக்கு ஆகியவற்றை ஒரு மாதிரி முதல் நாளே சொல்லிவிடும்.

ஆனால் அட்டையில் எழுதியிருப்பவை இவை அல்லவே! இரண்டு மில்லி சீரம் கரும்புள்ளியைப் போக்கும் என்று அட்டை கூறுகிறது. நம் மேல்தோல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள ஏறத்தாழ நான்கு வாரம் ஆகும். வயது ஏற ஏற இன்னும் கூடும். நிறத்திட்டு மங்குவதைக் காண இரண்டு மூன்று மாதங்கள் விடாமல் பூச வேண்டும். இரண்டு மில்லியோ நான்கைந்து இரவில் தீர்ந்துவிடும். வெயில் காப்புக் களிம்பின் கணக்கும் நோக்கத்தக்கது. உறையில் அச்சிட்ட காப்பு எண், ஒரு சதுர சென்டிமீட்டர் தோலுக்கு இரண்டு மில்லிகிராம் வீதம் பூசிச் சோதித்துப் பெற்றது. முகத்திற்கும் கழுத்திற்கும் அந்த அளவு வேண்டுமானால், இரண்டு விரல் நீளத்திற்குப் பிதுக்கிக்கொள்ள வேண்டும். அப்படிப் பூசினால் பத்து கிராம் குழாய் எட்டு நாளைத் தாண்டுவது கடினம். ஒரு மாதம் வரவேண்டும் என்று கடுகளவு தொட்டுப் பூசிய நம் மகள், உறையில் கண்ட காப்பில் சிறு பங்கைக்கூடப் பெற்றிருக்க மாட்டாள்.

இரண்டாம் மாதப் பெட்டியில் வந்த இரவு நேர சீரம்தான் நம்மை இக்கட்டுரை எழுதத் தூண்டியது. உறவில் ஒரு திருமணம்; மறுநாள் விடியற்காலை முகூர்த்தம். முகம் பொலிவு பெறும் என்ற நம்பிக்கையில், மகள் முதல் நாளிரவு அந்தக் குப்பியைச் சிறிதும் மிச்சமின்றி முகத்தில் தடவிக்கொண்டு படுத்தாள். காலையில் எழுப்பச் சென்ற நாம் திடுக்கிட்டோம். இமைகள் வீங்கிக் கண்கள் கீற்றாகியிருந்தன. கன்னங்கள் சிவந்து தடித்திருந்தன. “அம்மா, எரிகிறது” என்பதைத் தவிர அவளால் வேறொன்றும் சொல்ல இயலவில்லை. மாமியார் மட்டும் திருமணத்திற்குச் சென்றார். நாம் மகளை அழைத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் ஓடினோம்.

மருத்துவர் பார்த்துவிட்டு முதலில் கேட்டது ஒன்றே: “அதில் என்ன இருந்தது?” குப்பையைக் கிளறிக் குப்பியை எடுத்துவந்தோம். அதில் பொருளின் பெயர் இருந்தது. செய்தவர் பெயரும் ஊரும் இருந்தன. எந்த மாதத்திற்குள் பயன்படுத்த வேண்டும் என்பதும் இருந்தது. சேர்மானங்களின் பட்டியல் இல்லை. அட்டையைப் புரட்டினால், அதில் மலர்ச் சாறு, நிலவொளி போன்ற சொற்களே கிடைத்தன. விற்பவர்களைத் தொலைபேசியில் அழைத்தோம். மிகுந்த மரியாதையோடு, பட்டியல் பெரிய புட்டியின் அட்டைப் பெட்டியில் அச்சாகியிருக்கிறது என்றார்கள். பெரிய புட்டியை வாங்கலாமா என்று தெரிந்துகொள்ளத்தானே மாதிரி? மாதிரியில் என்ன இருந்தது என்று தெரிந்துகொள்ளப் பெரிய புட்டியை வாங்க வேண்டும் என்றானது.

நேயர்களிடம் இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். மத்திய அரசு அலுவலகத்தில் மொழிபெயர்ப்பே நம் பணி. சில ஆண்டுகளுக்கு முன் நுகர்வோருக்கான ஒரு சிறு நூலைத் தமிழாக்கியபோது, இந்த விதி நம் கையாலேயே தமிழாகியிருந்தது. 1940-ஆம் ஆண்டு மருந்துச் சட்டத்திற்குள் ஒப்பனைப் பொருள்கள் 1962-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் கொண்டுவரப்பட்டன. இப்போது 2020-ஆம் ஆண்டின் ஒப்பனைப் பொருள் விதிகள் நடைமுறையில் உள்ளன. சேர்மானங்களை உறையின்மேல் அச்சிட வேண்டும் என்று அவை கூறுகின்றன. கூடவே ஒரு விலக்கும் உண்டு: அறுபது மில்லிக்குக் குறைந்த திரவத்திற்கும், முப்பது கிராமுக்குக் குறைந்த திடப் பொருளுக்கும் குழைவுப் பொருளுக்கும் அப்பட்டியல் இடம்பெற வேண்டியதில்லை. தொகுதி எண் என்பதுகூட, பத்து கிராமுக்கோ இருபத்தைந்து மில்லிக்கோ மேற்படாத சிறு பொருள்களுக்குக் கட்டாயமில்லை. இடமின்மையைக் கருதி அளித்த சலுகை அது. அன்று நாம் “செமி-சாலிட்” என்பதை அரைத்திண்மம் என்பதா, குழைவுப் பொருள் என்பதா என்று அரை மணி நேரம் விவாதித்தோம். “வேண்டியதில்லை” என்ற சொல்லின் பொருளைப் பற்றி அரை நிமிடமும் எண்ணவில்லை. மாதிரிப் பெட்டியில் வரும் அத்தனையும் இந்த அளவுக்குள் அடங்கிவிடுகின்றன! பட்டியலை விரும்பி அச்சிடும் நிறுவனங்களும் உண்டு. அவற்றைப் பாராட்டத்தான் வேண்டும்.

மகளின் முகம் ஒரு வாரத்தில் தெளிந்தது. பிறகு மருத்துவர் ஒட்டுச் சோதனை செய்தார். பல்வேறு பொருள்களைச் சிறிதுசிறிதாக முதுகில் ஒட்டி, நாற்பத்தெட்டு மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்து, மேலும் இரண்டு நாள் சென்று மறுபடி பார்ப்பது அம்முறை. வாசனைக் கலவை வைத்த இடம் சிவந்திருந்தது. வாசனை என்பது ஒரு பொருள் அன்று. பல பொருள்களின் கூட்டு. உறையில் “பர்ஃப்யூம்” என்ற ஒற்றைச் சொல்லில் அது அடங்கிவிடும். அச்சொல்லைத் தேடிப் பார்த்து வாங்குமாறு மருத்துவர் எழுதிக் கொடுத்தார். அச்சொல்லே அச்சாகாத குப்பியை என்ன செய்வது?

இதைப் பற்றி அவரிடமே கேட்டோம். அவர் சிரித்துக்கொண்டு, “இரண்டு மில்லியால் முகம் அழகாகுமா என்று கண்டறிய முடியாது; கெடுமா என்று கண்டறியத் தாராளமாகப் போதும். முகத்தில் பூசாமல் கையில் பூசுங்கள்” என்றார். முழங்கையின் உட்புற மடிப்பில், ஒரு ரூபாய் நாணயத்தின் அளவு இடத்தில், நாளுக்கு இருமுறை வீதம் ஏழு முதல் பத்து நாள் வரை தடவிவர வேண்டும். ஓர் இரவு பார்த்துவிட்டு விட்டுவிடுவது போதாது. ஏற்கெனவே ஒவ்வாமை உள்ளவர்க்கு ஓரிரு நாளில் தெரிந்துவிடும். முதன்முறையாக ஒவ்வாமை உண்டாவதற்கோ பத்து நாளும் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். ஐந்து பொருளையும் ஒரே நாளில் தொடங்கவும் கூடாது. சிவந்தால் எதனால் என்று தெரியாது. கழுவிவிடும் முகப்பூச்சு, ஷாம்பு ஆகியவற்றை மட்டும் வழக்கமாக வைத்திருக்கும் நேரத்திற்குப் பின் கழுவிவிட வேண்டும். கருவுற்றிருக்கும் பெண்கள் ரெட்டினால் என்ற பெயர் கண்ட எதையும் மருத்துவரைக் கேளாமல் தொடாதிருப்பது நன்று.

மூன்றாம் மாதத்துப் பெட்டியில் கூந்தற்சாய உறை ஒன்று இருந்தது. நாற்பதைக் கடந்து காதோரம் நரை கண்டிருக்கும் நமக்கு அதன்மேல் சிறிது ஆசை பிறந்ததை மறுப்பதற்கில்லை. இதில் விதி கண்டிப்பானது. பாரா-ஃபினிலீன்டைஅமீன் போன்ற சாயப் பொருள் சேர்ந்த கூந்தற்சாயத்தின் உள்ளுறையிலும் மேலுறையிலும் எச்சரிக்கை அச்சிட வேண்டும்; ஆங்கிலத்தோடு உள்ளூர் மொழிகளிலும் அச்சிட வேண்டும். நம் கையிலிருந்த உறையில் ஆங்கிலமும் இந்தியும் இருந்தன. தமிழ் மட்டுமே அறிந்து, மகன் வீட்டிலோ மகள் வீட்டிலோ வெளி மாநிலத்தில் வாழும் பெரியோர் எத்தனை பேர்! அவர்கள் பொருட்டு அவ்வெச்சரிக்கையின் கருத்தை இங்கே தருகிறோம். வீட்டில் வாசித்துக் காட்டுங்கள்.

இச்சாயம் சிலருக்குத் தோலில் கடும் அழற்சியை உண்டாக்கலாம். ஆகவே, பூசுமுன் சோதித்துப் பார்க்க வேண்டும். காதின் பின்புறத்தையோ முன்கையின் உட்புறத்தையோ சிறிதளவு சோப்பும் நீரும் கொண்டு தூய்மை செய்துகொள்ளுங்கள். கலந்த சாயத்தில் சிறிது எடுத்து அங்கே பூசி உலர விடுங்கள். இருபத்து நான்கு மணி நேரம் கழித்து மெல்லக் கழுவிப் பாருங்கள். எரிச்சலோ சிவப்போ இருந்தால் அச்சாயம் உங்களுக்கு ஆகாது. ஒருமுறை ஒத்துக்கொண்டது என்று விட்டுவிடாமல், ஒவ்வொரு முறையும் இவ்வாறு சோதிக்க வேண்டும். புருவத்திற்கும் இமை மயிருக்கும் இதை ஒருபோதும் இடலாகாது. கண் பார்வையே போய்விடக் கூடும். திருமண வீடுகளில் இப்போது பரவியிருக்கும் கறுப்பு மருதாணியிலும் இதே சாயப் பொருள் பலவேளை கலந்திருக்கிறது. உண்மையான மருதாணி செம்பழுப்பாகத்தான் பற்றும். கன்னங்கரேலென்று பற்றினால் ஐயுறுவதே முறை.

நாம் முன்கையில் சோதித்தோம், ஒன்றும் நேரவில்லை. ஆயினும் தலையில் பூச மனம் வராமல் எஞ்சியதை அலமாரியில் வைத்துவிட்டோம். நரை இருந்துவிட்டுப் போகட்டும் என்று மாமியாரும் கூறிவிட்டார்.

பட்டியல் இல்லாமையைவிடக் கொடியது செய்தவர் பெயரே இல்லாமை. 2023-ஆம் ஆண்டில் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்திலிருந்து வந்த செய்தி பலருக்கு நினைவிருக்கலாம். நிறம் வெளுக்கும் களிம்புகளைப் பூசியவர்களுக்குச் சிறுநீரகத்தின் வடிகட்டும் சவ்வு கெட்டுப்போயிருந்ததை மருத்துவர்கள் கண்டார்கள். களிம்புகளைச் சோதித்தபோது அளவுக்கு மீறிய பாதரசம் தெரிந்தது. செய்தவர் பெயரோ சேர்மானமோ இல்லாத களிம்புகளும் அவற்றில் இருந்தன. எவ்வளவு சிறிய உறையாயினும் செய்தவர் பெயரும், செய்த ஊரும், எதற்குள் பயன்படுத்த வேண்டும் என்ற மாதமும் ஆண்டும் இருந்தே தீர வேண்டும். அச்சலுகை எவருக்கும் இல்லை. இவற்றில் ஒன்று இல்லையென்றாலும், சித்தி அனுப்பியதாயினும், அண்டை வீட்டார் அன்போடு கொடுத்ததாயினும், அதைத் தள்ளிவிடுவதில் நாம் தயங்குவதில்லை.

இப்போது நம் இல்லத்தில் பெட்டி வந்தவுடன் மூவரும் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்காருகிறோம். மகள் ஒவ்வொன்றின் முன்னும் பின்னும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்கிறாள். பட்டியல் இல்லாதவற்றுக்கு, அதே பொருளின் பெரிய புட்டியை விற்பவர்களுடைய வலைத்தளத்திலிருந்து பட்டியலைத் தேடி எழுதுகிறாள். தேடியும் கிடைக்காதது திரும்ப உறைக்குள் போய்விடும். “பர்ஃப்யூம்” கண்டால் ஒதுக்கிவிடுகிறாள். எஞ்சியது பெரும்பாலும் ஒன்றோ இரண்டோ. அதை மாமியார் காட்டும் இடத்தில், முழங்கை மடிப்பில், பொட்டு வைப்பதுபோல் வைத்து, நாட்காட்டியில் தேதி குறிக்கிறோம். காலியான குப்பியும் உறையும் ஒரு மாதம் வரை குப்பைக்குப் போவதில்லை.

ஆறு மாதச் சந்தா வரும் மாதத்தோடு முடிகிறது. புதுப்பிக்கலாமா என்று சித்தி கேட்டிருக்கிறாள். மகள் இன்னும் பதில் எழுதவில்லை. மாமியார்தான் புதுப்பித்தால் நல்லது என்கிறார். அந்த இளஞ்சிவப்புப் பெட்டிகளில் ஒன்றில் அவர் பொத்தான்களையும், ஒன்றில் ஊரிலிருந்து வந்த விபூதிப் பொட்டலங்களையும் வைத்திருக்கிறார். ஊசி நூலுக்கு இன்னும் ஒரு பெட்டி வேண்டுமாம்.